வைஃபை இல்லாத டிவிஆர், டிவி, கணினி: போன் ஹாட்ஸ்பாட்டில் எப்படி இணைப்பது?

கேள்வி இது: வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான் ஒரே இணையம். வைஃபை இல்லாமல், கேபிள் செருகும் லேன் போர்ட் மட்டும் உள்ள மூன்று சாதனங்கள் இருக்கின்றன. ஒரு மேசைக் கணினி, 2012 வாக்கில் வாங்கிய டிவி, சிசிடிவி கேமராக்களின் காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர். பரணில் ஒரு பழைய ரவுட்டரும் கிடக்கிறது. இதையெல்லாம் ஹாட்ஸ்பாட்டோடு சேர்க்க வழி உண்டா?

உண்டு. போன் காற்றில் விடும் வைஃபையைப் பிடித்து லேன் கேபிளில் இறக்கித் தரும் ஒரு பெட்டி நடுவில் வேண்டும். பரணில் கிடக்கும் ரவுட்டர் அந்த வேலையைச் செய்யுமா என்பது அதன் மாடலைப் பொறுத்தது. ஆனால் பெட்டியைத் தேடி அலையுமுன் மூன்று சாதனங்களுக்கும் அது தேவைதானா என்று பார்த்துவிடுவோம். என்னைக் கேட்டால் டிவிஆருக்கு மட்டும்தான் தேவை.

கணினிக்கு லேன் கேபிளே வேண்டாம். போனை சார்ஜ் போடும் அதே யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகி, போனின் இணையத்தைக் கேபிள் வழியே தரும் ‘யூஎஸ்பி டெதரிங்’கைப் போனில் ஆன் செய்தால் போதும். ஆண்ட்ராய்டாக இருந்தால் விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பாலும் தாமாகவே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். ஐபோனுக்கு மட்டும் ஆப்பிளின் டிரைவர் வேண்டும், ஐட்யூன்ஸ் நிறுவினால் அது கூடவே வந்துவிடும். வைஃபையைவிட இது நிலையாக ஓடும், போனும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். சார்ஜிங் மட்டும் செய்யும் மலிவான கேபிளில் இது நடக்காது, டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். போனைக் கணினியோடு கட்டிப்போட விருப்பமில்லை என்றால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் கிடைக்கிறது. அதைச் செருகிவிட்டால் கணினியே வைஃபை உள்ள கணினி ஆகிவிடும்.

டிவி விஷயத்தில் கொஞ்சம் கசப்பான செய்தி. அந்தக் கால ஸ்மார்ட் டிவிக்கு லேன் வழியாக இணையம் கொடுத்துவிடலாம், கொடுத்தபின் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. யூடியூப் 2015-இல், ஆப்கள் தன்னோடு தொடர்புகொள்ளும் பழைய இடைமுகத்தை (ஏபிஐ) மூடியபோது, 2012-லும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளிலும் ப்ளூ-ரே பிளேயர்களிலும் இருந்த யூடியூப் ஆப் செயலிழந்தது. கேபிள் இழுத்து ரவுட்டர் வாங்கி எல்லாம் செய்தபின் டிவி திரையில் பிழைச் செய்திதான் வரும் என்றால் எதற்கு அந்த வேலை? எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகுங்கள். அதற்குள்ளேயே வைஃபை இருக்கிறது, நேரே ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொள்ளும். ‘டிவியில் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதே, கணினிக்கு வாங்கிய டாங்கிளை அதில் செருகினால் என்ன’ என்றும் தோன்றும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட மாடல் டாங்கிளைத் தவிர வேறெதையும் அந்தக் கால டிவிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

மிச்சம் இருப்பது டிவிஆர். அதன் பின்புறம் லேன் போர்ட் ஒன்றுதான் வழி. இங்கேதான் நடுப்பெட்டி தேவை.

முதலில் எது வேலை செய்யாது, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பலரும் செய்வது இது: பழைய ரவுட்டரை ஆன் செய்து, அதில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ மோடைத் தேர்ந்தெடுத்து, டிவிஆரை அதில் செருகிவிட்டு, இணையம் வருமா என்று காத்திருப்பார்கள். வராது. ஆக்சஸ் பாயிண்ட் மோடு கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக வெளியே விடும். நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. ரவுட்டரே ஒரு லேப்டாப்பைப் போலப் போன் ஹாட்ஸ்பாட்டில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைய வேண்டும்.

அப்படி நுழைந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. ஒரு சாதனம் வைஃபைக்கு அனுப்பும் டேட்டாப் பொட்டலத்தில் (பாக்கெட்) சாதாரணமாக மூன்று முகவரிகளுக்கே இடம்: அனுப்புபவர், ஆக்சஸ் பாயிண்ட், சேர வேண்டியவர். ‘அனுப்புபவருக்குப் பின்னால் கேபிளில் இன்னொருவர் இருக்கிறார்’ என்று சொல்ல நான்காவது முகவரி தேவை. அந்த வசதியைப் போன் ஹாட்ஸ்பாட்டுகள் தருவதில்லை. விடுதி வாசலில் பதிவேட்டில் பெயர் எழுதியவருக்கு மட்டுமே தபால் கொடுக்கும் காவலாளி மாதிரிதான் போன். பாஸ்வேர்டு போட்டு நுழைந்த ரவுட்டரை அது அறியும், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் டிவிஆரை அறியாது. எனவே ரவுட்டர் டிவிஆரின் தபாலையும் தன் பெயரில் வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபையையும் லேனையும் தேர்ந்தெடுத்து ‘பிரிட்ஜ்’ போட்டுப் பார்த்து இணையம் வராமல் போனவர்களுக்கும் காரணம் பெரும்பாலும் இந்த மூன்று முகவரிச் சிக்கல்தான்.

இந்த வேலையைச் செய்யும் மோடுக்கு ரவுட்டர்களில் ‘டபிள்யூ-ஐ-எஸ்-பி’ (WISP) என்று பெயர். சில பெட்டிகளில் ‘ஹாட்ஸ்பாட் ரவுட்டர்’ என்றோ ‘கிளையண்ட்’ என்றோ எழுதியிருக்கும். கடையில் ‘ரிப்பீட்டர்’ என்று கேட்டால் சுவர் பிளக்கில் மாட்டும் சின்ன எக்ஸ்டெண்டரை எடுத்துத் தருவார்கள். அதன் அடியில் லேன் போர்ட் இருந்தால் அதுவும் ஒரு வழியில் வேலை செய்யும். ஆனால் நான் டபிள்யூ-ஐ-எஸ்-பி மோடு உள்ள பெட்டியைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இருக்கும் சாதனத்துக்குப் போன்தான் ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் எப்போதும் 192.168.43 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்தன. ஆண்ட்ராய்டு 11 முதல் அது மாறிக்கொண்டே இருக்கலாம். ஐபோன் 172.20.10 என்று கொடுக்கும், அதுவும் மொத்தம் 14 முகவரிகள்தான். டிவிஆருக்கு நிலையான முகவரி போட்டு வைத்திருந்தால், போன் முகவரியை மாற்றிய மறுகணம் அது தனித்து நிற்கும். டபிள்யூ-ஐ-எஸ்-பி மோடில் ரவுட்டர் தனக்கென்று ஒரு உள் வலையமைப்பை வைத்துக்கொள்கிறது. போன் வெளியே எந்த முகவரி கொடுத்தாலும், போனையே மாற்றினாலும், உள்ளே டிவிஆரின் முகவரி அசையாது. பின்னாளில் ஃபைபர் இணைப்பு வாங்கினாலும் டிவிஆரைத் தொட வேண்டியதில்லை.

எந்தப் பெட்டி? டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஆர்802என் என்ற சின்னப் பயண ரவுட்டர் இதற்குப் பொருந்தும். சோப்புக்கட்டி அளவுதான், 5 வோல்ட் போன் சார்ஜரிலேயே ஓடும். அதில் லேன் போர்ட் ஒன்றுதான் இருக்கிறது, டிவிஆருக்கு மட்டும் என்றால் அது போதும். நான்கு லேன் போர்ட் வேண்டுமென்றால் டிஎல்-டபிள்யூஆர்841என் மாடலின் புதிய பதிப்புகளில் இந்த மோடு இருக்கிறது. ‘புதிய பதிப்பு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே மாடல் பெயரில் பல பதிப்புகள் வந்திருக்கின்றன, அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பதிப்பு எண் இருக்கும். ஜிஎல்-ஐநெட், மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் செய்யலாம். மைக்ரோடிக் பழகாதவர்கள் இதற்காக அதைத் தொட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

உங்கள் பரண் ரவுட்டருக்கு வருவோம். அது தொலைபேசி வயர் செருகும் பழைய டிஎஸ்எல் மோடமாகவோ ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியாகவோ இருந்தால் பெரும்பாலும் இந்த மோடு இருக்காது. கடையில் தனியாக வாங்கிய ரவுட்டர் என்றால் அதன் அமைப்புப் பக்கத்தில் ‘ஆபரேஷன் மோடு’ என்ற மெனுவைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டாலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருளை ஏற்ற முடிந்தால் அந்த வசதி வந்துவிடும். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ் நினைவகம் மட்டும் உள்ள பழைய மாடல்களை அதன் புதிய பதிப்புகள் கைவிட்டுவிட்டன. ஏற்றும்போது கரண்ட் போனால் பெட்டி எதற்கும் உதவாத கல்லாகிவிடும் என்பதும் உண்டு. இதில் ஆர்வம் இருப்பவர் செய்யட்டும், மற்றவர்கள் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

இனி அமைப்பு. ரவுட்டரைத் தொடுமுன் போனைச் சரிசெய்யுங்கள், ‘ஹாட்ஸ்பாட் பெயரே ரவுட்டரில் தெரியவில்லை’ என்ற புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் தீர்கிறது.

ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன இரண்டு டிபி-லிங்க் மாடல்களும் 2.4 மட்டுமே அறிந்தவை, போன் 5-இல் ஒளிபரப்பினால் அவற்றின் கண்ணுக்கே படாது. ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தையவையும் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கின்றன. அதை ஆன் செய்தால் 2.4-க்கு வந்துவிடும்.

பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள், பழைய ரவுட்டர்களுக்கு 3 தெரியாது.

ஹாட்ஸ்பாட் பெயரை இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து எழுதுங்கள். ஐபோன் தானாக வைக்கும் பெயரில் வரும் வளைந்த மேற்கோள் குறியிலேயே சில ரவுட்டர்கள் தடுக்கி விழும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். வைஃபை பெயருக்கு மொத்த இடம் 32 பைட், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளி வைத்த எழுத்து 6 பைட். பத்துக் குறிக்குள் பெயரை முடித்தாக வேண்டும், முடித்தாலும் ரவுட்டர் திரையில் அது கட்டம் கட்டமாகத் தெரியலாம்.

அடுத்தது எல்லாரும் விட்டுவிடும் அமைப்பு: ‘யாரும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணை’. இதை ஆஃப் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? கரண்ட் போகிறது. ரவுட்டர் அணைகிறது. போனில் பேட்டரி இருப்பதால் அது விழித்தேதான் இருக்கும், ஆனால் ‘யாரும் இணையவில்லையே’ என்று சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட்டை மூடிவிடும். கரண்ட் திரும்பும்போது ரவுட்டர் எழுந்து தேடும், ஹாட்ஸ்பாட் இருக்காது. நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத்தான் இது நடக்கும். ஐபோனில் இதை அணைக்க வழியில்லை. யாரும் இணையாமல் கொஞ்ச நேரம் போனால் அது ஹாட்ஸ்பாட்டை மறைத்துக்கொள்ளும். அதனால் டிவிஆர் போல நாள் முழுதும் ஓட வேண்டிய சாதனத்துக்கு ஆண்ட்ராய்டு போன்தான் சரி.

இப்போது ரவுட்டர். லேப்டாப்பிலிருந்தோ போனிலிருந்தோ ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மோடை டபிள்யூ-ஐ-எஸ்-பிக்கு மாற்றுங்கள். ‘ஸ்கேன்’ அல்லது ‘சர்வே’ பட்டனை அழுத்தினால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் பட்டியலாக வரும். உங்கள் ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு கொடுங்கள். இணைப்பு வகை கேட்டால் ‘டைனமிக் ஐபி’ என்று தேர்ந்தெடுங்கள். ரவுட்டரின் உள் முகவரியை 192.168.1.1 என்று வைத்துவிடுங்கள், பல டிவிஆர்கள் தொழிற்சாலையிலிருந்தே 192.168.1 என்று தொடங்கும் முகவரியோடு வருவதால் பொருத்தமாக இருக்கும். உங்கள் போனும் தற்செயலாக அதே 192.168.1 வரிசையைக் கொடுத்தால் மட்டும் ரவுட்டருக்கு வேறு எண் போடுங்கள், உள்ளும் வெளியும் ஒரே எண் வரிசையாக இருந்தால் ரவுட்டர் குழம்பிவிடும்.

ரவுட்டர் தன் பங்குக்கு ஒரு வைஃபையையும் ஒளிபரப்பும். தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். ஒரே ரேடியோவில் போனிடம் வாங்கவும் வேண்டும், மற்றவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும் என்றால் அந்தச் சாதனங்களுக்கு வேகம் ஏறக்குறைய பாதியாகும். டிவிஆரை லேன் போர்ட்டில் செருகுங்கள், ‘இன்டர்நெட்’ என்று எழுதியிருக்கும் தனிப் போர்ட்டில் வேண்டாம். ரவுட்டரை டிவிஆருக்குப் பக்கத்தில் வைப்பதைவிடப் போனுக்கு அருகில் வைத்து லேன் கேபிளை நீட்டிக்கொள்ளுங்கள். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், போனின் ஹாட்ஸ்பாட் இரண்டு சுவர் தாண்டினாலே மூச்சு வாங்கும். போனை ஜன்னலோரம், டவர் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வெயில் படாமல் வையுங்கள்.

டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில், முகவரியை ரவுட்டரிடமிருந்து தானாக வாங்கிக்கொள்ளும் டிஎச்சிபியை ஆன் செய்யுங்கள். நிலையான முகவரிதான் வேண்டும் என்றால் வெளியே போகும் வாசலான கேட்வேயாக ரவுட்டரின் 192.168.1.1-ஐக் கொடுங்கள், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இடத்தை வெறுமையாக விடாதீர்கள், 8.8.8.8 போடுங்கள்.

வெளியூரிலிருந்து கேமராவைப் பார்ப்பதில் ஒரு விஷயம். ‘போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள்’ (வெளியிலிருந்து டிவிஆருக்கு ரவுட்டரில் வழி திறந்துவிடுங்கள்) என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். மொபைல் கம்பெனிகள் ஒரு பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உங்கள் வீட்டுக்கென்று வெளியிலிருந்து தட்ட ஒரு கதவே கிடையாது, உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. ஹிக்விஷன் என்றால் ஹிக்-கனெக்ட், தாஹுவா என்றால் டிஎம்எஸ்எஸ் என்று கம்பெனியின் சொந்த ஆப் இருக்கிறது. டிவிஆரே உள்ளிருந்து கம்பெனியின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். டிவிஆரில் அந்த வசதியை ஆன் செய்து, திரையில் வரும் க்யூஆர் குறியை ஆப்பில் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. பொது முகவரியைப் பங்கிடும் இதே காரணத்தால்தான் ஹாட்ஸ்பாட்டில் பிளேஸ்டேஷனையோ எக்ஸ்பாக்ஸையோ இணைத்தால் ஆன்லைன் விளையாட்டில் ‘நாட் டைப்’ (முகவரி மாற்றும் முறை) கண்டிப்பானது என்று எச்சரிக்கை வருகிறது. மொபைல் கம்பெனி ஒரு அடுக்கு, போன் ஒரு அடுக்கு, நடுவில் ரவுட்டரும் இருந்தால் அது ஒரு அடுக்கு என்று மூன்று முகவரி மாற்றங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

டேட்டா கணக்கைப் பார்த்துவிடுங்கள். டிவிஆர் பதிவு செய்வது தன் ஹார்ட் டிஸ்கில், அதற்கு இணையம் செலவாகாது. நீங்கள் ஆப்பில் பார்க்கும்போதுதான் போனின் டேட்டா போகும். நொடிக்கு 1 மெகாபிட் ஓடினால் மணிக்கு 450 எம்பி. தரம் குறைந்த ‘சப் ஸ்ட்ரீம்’ 512 கிலோபிட் என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 225 எம்பி, நான்கையும் சேர்த்துப் பார்த்தால் 900 எம்பி. தெளிவான ‘மெயின் ஸ்ட்ரீம்’ 4 மெகாபிட் என்றால் ஒரு கேமராவே மணிக்கு 1.8 ஜிபி குடித்துவிடும். நாளுக்கு 2 ஜிபி பேக்கில் அது ஒரு மணி நேரக் காட்சி. எனவே ஆப்பில் சப் ஸ்ட்ரீமையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் வழியாக டிவி பார்ப்பதும் அப்படித்தான். எச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது.

கணினியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. கேபிளில் வரும் இணையத்தை விண்டோஸ் அளவில்லாத இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி டெதரிங்கும் அதன் கண்ணில் ஈதர்நெட்தான். பின்னணியில் அப்டேட் இறக்கி, காலை பத்து மணிக்குள் நாளின் பேக்கை முடித்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கம் போய், ஈதர்நெட் இணைப்பில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ (அளவுள்ள இணைப்பு) என்பதைக் கையால் ஆன் செய்ய வேண்டும்.

பெட்டி எதுவும் வாங்காமல் இன்றைக்கே டிவிஆரை இணைத்துப் பார்க்க வேண்டுமா? வைஃபை உள்ள லேப்டாப் ஒன்று போதும். அதை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, லேன் கேபிளால் டிவிஆரோடு சேருங்கள். விண்டோஸில் ‘நெட்வொர்க் கனெக்ஷன்ஸ்’ பக்கத்தில் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்டீஸில் ‘ஷேரிங்’ தாவலைத் திறந்து பகிர்வை ஆன் செய்யுங்கள். இணையம் உள்ளே வரும் அடாப்டரில் இதைச் செய்ய வேண்டும், வெளியே போகும் லேன் அடாப்டரில் செய்தால் பலிக்காது. லேப்டாப் 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு டிவிஆருக்கு ஒரு முகவரி கொடுக்கும். ஆனால் லேப்டாப் தூங்கினால் இணைப்பும் தூங்கும், சில கணினிகளில் மறுபடி ஆன் செய்தபின் பகிர்வை அணைத்துப் போட வேண்டியிருக்கும். சோதனைக்கு நல்லது, நிரந்தரத்துக்கு அல்ல.

ஆண்ட்ராய்டு 11 முதல் இன்னொரு அழகான வழி வந்திருக்கிறது. டைப்-சி லேன் அடாப்டரைப் போனிலேயே செருகினால், ஹாட்ஸ்பாட் பக்கத்தில் மங்கிக் கிடக்கும் ‘ஈதர்நெட் டெதரிங்’ உயிர் பெறும். நடுவில் வைஃபையே கிடையாது, போனிலிருந்து கேபிளில் நேராக டிவிஆருக்கு. எல்லாப் போன் கம்பெனிகளும் இந்தச் சுவிட்சைக் காட்டுவதில்லை, எல்லா அடாப்டர் சிப்பையும் போன் ஏற்பதும் இல்லை. அடாப்டர் போனின் பேட்டரியை உறிஞ்சும் என்பதால் சார்ஜும் ஏற்றும் ஹப்பாக வாங்க வேண்டும். இவை அமைந்தால் சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

இதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் போனை வைத்துச் செய்வது என்றால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதும் இணையமும் கிளம்பிவிடும், டிவிஆரை வெளியிலிருந்து பார்க்கும் நோக்கமே போய்விடும். பழைய போன் ஒன்றில் தனி சிம் போட்டு வீட்டிலேயே விட்டுவிடலாம். 24 மணி நேரமும் சார்ஜில் கிடக்கும் போனின் பேட்டரி உப்பும் அபாயம் இருப்பதால் ‘80 சதவீதத்தில் நிறுத்து’ வசதி இருக்கும் போன் நல்லது. தனி சிம் வாங்கும் அளவுக்கு வந்துவிட்டால் சிம் செருகும் 4ஜி ரவுட்டரின் விலையையும் விசாரித்துவிடுங்கள். டிபி-லிங்க் டிஎல்-எம்ஆர்6400 போன்றவற்றில் சிம்மும் லேன் போர்ட்டுகளும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பழைய ஜியோஃபை பெட்டியை யாராவது கொடுத்தால் இதற்காக வாங்காதீர்கள், அதில் லேன் போர்ட் கிடையாது.

எல்லாம் செய்தும் டிவிஆர் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டினால், கேபிளை அதிலிருந்து பிடுங்கி ஒரு லேப்டாப்பில் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் ரவுட்டர் வரை எல்லாம் சரி, கோளாறு டிவிஆரின் கேட்வே அல்லது டிஎன்எஸ்ஸில். திறக்காவிட்டால் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் போன் கொடுத்த முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பூஜ்யங்களாக இருந்தால் பாஸ்வேர்டையும் அலைவரிசையையும் மறுபடி சரிபாருங்கள். முகவரி வந்தும் தளம் திறக்கவில்லை என்றால் போனிலேயே ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள், அன்றைய பேக் தீர்ந்து வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கியிருக்கும்.